கூட்டாளிக்கு மறதி நோய் வந்தால்: தோட்டப் பட்டணத்தில் சேர்ந்து வாழும் ஆண் இணையருக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இரண்டு ஆண்கள் முப்பது, நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தால் ஊர் பெரிதாகக் கேள்வி கேட்காது. ஒருவர் ரப்பர் பால்வெட்டு வேலையில் இருந்திருப்பார், மற்றவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாகவோ லாரி ஓட்டியோ பிழைத்திருப்பார். கூட்டாளிங்க, அண்ணன் தம்பி மாதிரி என்று ஊரே ஒரு முறை வைத்துவிடும். இளையவர் மூத்தவரை "அண்ணே" என்பார். வெளியே சொல்லத் தொடங்கிய அந்த முறை வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொள்ளும். இருவரும் எதையும் சொன்னதில்லை, ஊரும் கேட்டதில்லை.

இந்த ஏற்பாடு ஓடுவதற்கு இருவருக்குமே நல்ல ஞாபகசக்தி வேண்டும். எந்த அத்தையிடம் என்ன காரணம் சொன்னோம், யார் வந்தால் எந்தப் படத்தை உள்ளே வைக்க வேண்டும், கல்யாணப் பேச்சை எப்படித் தட்டிக்கழித்தோம் என எல்லாம் நினைவில் இருக்க வேண்டும். ஒருவருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்ததும் இந்த மறைப்பும் கலையத் தொடங்கும். அதே சமயத்தில் வங்கி, மருத்துவமனை, நீதிமன்றம் மூன்றின் கண்ணிலும் மற்றவர் யாரோ ஒரு வெளியாள். அதனால் இந்த வழிகாட்டியில் மாத்திரையைவிடக் கையெழுத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மாத்திரை அடுத்த மாதமும் கிடைக்கும். நோய் வந்தவர் தெளிவாகக் கையெழுத்துப் போடக்கூடிய காலம் போனால் திரும்ப வராது.

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால் சொத்து, உயில், ஷரியா சட்டம் எல்லாமே வேறு. அதற்குத் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

முதல் வேலை: கிளினிக்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. சாவி எதற்கு என்று கேட்பது நோய். பசாரில் இருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, சில்லறை எண்ண முடியாமல் தடுமாறுவது, ஒரே கதையைக் கால் மணி நேரத்தில் நான்கு முறை சொல்வது, முன்பில்லாத சந்தேகம், கோபம் இவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவருக்கு இந்த நோட்டு ரொம்ப உதவும். ஏனென்றால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் ஆள் திடீரென்று ஜோராகப் பேசுவார்.

2018ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. அல்சைமர் வகைதான் அதிகம். நம்மவர்களிடம் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதிகம் என்பதால், மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகையையும் மறக்கக்கூடாது. பல வருஷம் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தவருக்கு பி1 வைட்டமின் குறைந்தும் ஞாபகம் போகும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியது போன்றவை மறதி நோய் போலவே தெரியும், ஆனால் சிகிச்சைக்கு அடங்கும். ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் அதற்காகத்தான். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அது வேறு விஷயம். சிறுநீர்க் கிருமித் தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வழி இதுதான்: முதலில் அரசாங்க கிளினிக், அங்கிருந்து பரிந்துரைக் கடிதம், பிறகு ஈப்போ பெரிய மருத்துவமனை. கடிதம் மனநலப் பிரிவுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். நம் பக்கத்தில் "தஞ்சோங் ரம்புத்தான்" என்றாலே பைத்தியம் என்று அர்த்தம். 1911ல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய ஊர் இது. அந்தக் கூச்சத்தால் எத்தனையோ குடும்பங்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தள்ளிப்போடுகின்றன. கையெழுத்துப் போடக்கூடிய காலம் அந்த இடைவெளியில்தான் கரைந்து போகிறது.

"நீங்க யாரு?" என்று கேட்பார்கள். "ஒரே வீட்டுல இருக்கோம் டாக்டர், சாப்பாடு, மருந்து எல்லாம் நான்தான் பாக்குறேன்." இவ்வளவு போதும், இதில் பொய்யும் இல்லை. குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்னும் நடப்பில் இருக்கின்றன. 20 வருஷம் வரை சிறையும் பிரம்படியும் அதில் உண்டு. ஆனால் அவை உடலுறவுச் செயலைப் பற்றியவை. ஒரே வீட்டில் இருப்பதையும் ஒருவரை ஒருவர் பராமரிப்பதையும் குற்றமாக்கவில்லை. ஒன்றை மட்டும் டாக்டரிடம் தனியாக, மறைக்காமல் சொல்லுங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் மூளையைப் பாதிக்கக்கூடியவை. சோதித்துப் பார்க்க வேண்டிய வாய்ப்பு இருந்தால் வெட்கத்தால் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது: காகிதங்கள். இதில் அவசரம் காட்டுங்கள்

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்ற மருந்துகள் சிலருக்குக் கொஞ்சநாள் தெளிவைத் தாங்கிப்பிடிக்கும். நோயை நிறுத்தாது. அந்தத் தெளிவை இதற்குச் செலவழியுங்கள்.

உயில். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, எழுதுபவர் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கு அந்த உயிலில் பங்கு கிடைக்காது. அதனால் நீங்கள் சாட்சி போடவே கூடாது. வழக்கறிஞரிடமோ, அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனத்திடமோ எழுதலாம். அவர் தன் விருப்பத்தைச் சொல்லும்போது நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். அதே வாரத்தில், அவர் சொத்தையும் சொந்தத்தையும் புரிந்துகொண்டுதான் முடிவெடுக்கிறார் என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி உயிலோடு வையுங்கள். "மறதிக்காரனை ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்" என்று நாளைக்கு ஒருவர் கிளம்புவார். அவருக்கான பதில் அந்தக் கடிதம். உயிலை நிறைவேற்றுபவராக உங்கள் பெயரும், உங்களுக்குப் பின் இன்னொருவர் பெயரும் இருக்கட்டும்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் என்று வரிசையாகப் போகும். கூடவே வாழ்ந்தவர் அந்த வரிசையில் எங்குமே இல்லை. நம்மவர்களில் பலர் வீட்டுக் கட்டாயத்தில் ஒரு கல்யாணம் பண்ணி, சில வருஷத்தில் பிரிந்து வந்தவர்கள். விவாகரத்துப் பதிவாகவில்லை என்றால் சட்டத்துக்கு அந்த அம்மாள்தான் இன்னும் மனைவி. இதை முதலில் வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீடு. பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் ஒருவர் போனதும் முழு வீடும் மற்றவருக்கு வந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். நம் நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. ஆளுக்கு இவ்வளவு பங்கு என்றுதான் கணக்கு, அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உயில் இருந்தால்தான் உங்களுக்கு வரும். உயிரோடு இருக்கும்போதே மாற்றி எழுதலாம்தான். ஆனால் கணவன் மனைவிக்கும் பெற்றோர் பிள்ளைக்கும் கிடைக்கும் முத்திரைக் கட்டணச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. செலவை விசாரித்துவிட்டு இறங்குங்கள். தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீடு என்றால் எழுதி வைக்க ஒன்றும் இல்லை. அவர் பெயரில் இருக்கும் வீட்டில் நீங்கள் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஆபீசில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி. முஸ்லிம் அல்லாதவர் யாரை நாமினியாகப் போட்டாலும் பணம் அவருக்கே சேரும், ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. பழைய ஆட்கள் பலர் 55 வயதில் எடுத்துச் செலவழித்திருப்பார்கள். மிச்சம் இருந்தால் அடையாள அட்டையோடு இருவரும் கிளைக்குப் போய் வாருங்கள். காப்புறுதி மட்டும் கொஞ்சம் குழப்பமானது. மனைவி, பிள்ளை, பெற்றோர் அல்லாத ஒருவரை நாமினியாகப் போட்டால் அவர் பணத்தை வாங்கிப் பங்கிடும் பொறுப்பாளர் மட்டுமே, உரியவர் அல்ல. அதனால் அந்தப் பணம் யாருக்கு என்பதை உயிலிலும் எழுத வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய அந்தச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிய தலைமுறை இது. அதில் நாமினி பெயர் இன்னும் செத்துப்போன அம்மாவுடையதாக இருக்கும்.

பவர் ஆஃப் அட்டர்னி. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மலேசியாவில் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனதும் செல்லாது. எப்போது தேவையோ அப்போதுதான் அது கைவிடும். சிங்கப்பூரில் அதற்கென்று நீடிக்கும் பத்திரம் ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கும் மருமகன் அதைச் சொல்வார். அந்தச் சட்டம் இங்கே இல்லை. அன்றாடச் செலவுக்கு, இருவரில் யார் கையெழுத்திட்டாலும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு உதவும். ஒருவர் இறந்தாலோ சுவாதீனம் இழந்தாலோ அந்தக் கணக்கை என்ன செய்வார்கள் என்று அந்த வங்கியிலேயே கேளுங்கள். சொத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்துவது பற்றியும் விசாரிக்கலாம்.

சிகிச்சை விருப்பம். இதற்குத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இருந்தாலும் குழாய் வழி உணவு வேண்டுமா, மூச்சு இயந்திரம் வேண்டுமா, எங்கே சாக விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் வாயால் சொல்லி, எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை மருத்துவக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் அதை மதித்துப் பார்ப்பதற்கு வாய்ப்பு உண்டு. எழுதாததை மதிக்க யாராலும் முடியாது.

மூன்றாவது: ஒரு சொந்தக்காரரைச் சம்பாதியுங்கள்

என்னைக் கேட்டால் உயிலுக்கு அடுத்தபடி முக்கியமான வேலை இது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நெடுகிலும் "உறவினர்" என்றே பேசுகிறது. சுவாதீனம் இழந்தவரின் பணத்தையும் உடம்பையும் பார்த்துக்கொள்ள உயர்நீதிமன்றத்தில் ஆளை நியமிக்கக் கேட்பது உறவினர். அறுவை சிகிச்சைக்கு அவருக்குப் பதிலாகச் சம்மதம் கொடுப்பதும் உறவினர். நாற்பது வருஷம் சோறு போட்டவருக்கு அதில் இடமில்லை. பதினைந்து வருஷம் எட்டிப்பார்க்காத அண்ணன் மகன் கோலாலம்பூரில் இருந்து வந்து "சித்தப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றால் சட்டம் அவர் பேச்சைத்தான் முதலில் கேட்கும்.

அதனால் அவருடைய தங்கை மகளோ அண்ணன் மகனோ, நியாயமும் பொறுமையும் உள்ள ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மூத்த ஆள், பணக்கார ஆள் என்று பார்க்காதீர்கள். போன் எடுக்கும் ஆளாக இருக்க வேண்டும். தீபாவளிக்குக் கூப்பிடுங்கள், மருத்துவச் சந்திப்புக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள், மருந்துச் செலவுக் கணக்கைக் காட்டுங்கள். வார்டு பாரத்தில் வாரிஸ் (நெருங்கிய உறவினர்) என்ற இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும், அதற்குக் கீழே முதலில் கூப்பிட வேண்டிய ஆளாக உங்கள் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். நர்ஸ்மார்களுக்கு யார் தினமும் வருகிறார் என்பது இரண்டாவது நாளே தெரிந்துவிடும்.

அந்த ஒருவரிடம் உண்மையைச் சொல்வதா? பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தேதான் இருக்கும். அவர் தெளிவாக இருக்கும்போதே, "நம்ம விஷயத்தை யாருக்குச் சொல்லலாம்?" என்று அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். அது அவருடைய ரகசியமும்தான். நோய் முந்திக்கொண்டு சொல்வதைவிட, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆளிடம் நீங்களே சொல்வது நல்லது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

நான்காவது: வீடும் வாசலும்

பால்வெட்டுக்காரராக இருந்தவர் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புவார். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொன்னால் சண்டைதான் வரும். "இன்னும் மணி அடிக்கலண்ணே, கோப்பி குடிச்சுட்டுப் போகலாம்" என்றால் உட்காருவார். அவர் வேலை பார்த்த ரப்பர் நிரை இன்று செம்பனையாகிவிட்டது. செம்பனைக்குள் எந்த நிரையும் ஒரே மாதிரிதான், நல்ல நினைவு உள்ளவரே திசை தப்புவார். கதவுக்கு அவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கழுத்தில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை, கோயில் பண்டாரம், ரொட்டிக் கடை, தோட்ட காவலாளி மூவருக்கும் ஒரு வார்த்தை. "அண்ணனுக்கு மறதி, தனியா பாத்தா போன் போடுங்க" என்றால் போதும். ஊரின் வாய்க்குப் பயந்து நோயையும் மறைத்துவிடாதீர்கள். நோயைச் சொல்வது உறவைச் சொல்வது ஆகாது.

பால்வெட்டுக் கத்தி, அரிவாள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். பின்கட்டில் பழைய களைக்கொல்லிப் போத்தல் இருக்கிறதா பாருங்கள். பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் எத்தனையோ வீட்டில் பழைய மிச்சம் கிடக்கும். ஒரு மிடறு போதும், உயிர் போய்விடும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். சாப்பிட்டதை மறந்து, மருந்தை இரண்டு தடவை போட்டுக்கொண்டு சர்க்கரை இறங்கி மயங்குவது சாதாரணமாக நடக்கிறது. கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்து, தூக்க மருந்துகளில் சில மறதியை இன்னும் கூட்டும். மருந்தாளரிடம் நோயைச் சொல்லி வாங்குங்கள்.

படுக்கையை மாற்றாதீர்கள். உதவிக்கு வரும் உறவினர் நல்லெண்ணத்தில் அவரைத் தனி அறைக்கு மாற்றப் பார்ப்பார். பழகிய மூச்சுச் சத்தம் பக்கத்தில் இல்லாவிட்டால் ராத்திரிக் கலக்கம் கூடும். "ராத்திரி எழுந்து நடக்கிறார், அதனால கூடவே படுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

ஐந்தாவது: அவர் வாய் திறக்கும்போது

மீன் கடையில் நின்றுகொண்டு "இவன்தான் என் வீட்டுக்காரன்" என்று சொல்லிவிடலாம். எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து முத்தமிடலாம். கட்டுப்பாட்டைக் காக்கும் மூளைப் பகுதி தளர்ந்தால் இது நடக்கும். "மறதி வந்ததுல இருந்து என்னென்னமோ பேசுறாரு" என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும், ஊரும் நம்பும். ஆபத்தான ஆள் முன்னால் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் சிரித்துக்கொண்டு "வாங்கண்ணே, மீன் கெட்டுப்போயிடும்" என்று கிளம்புவதே மேல். வார்த்தை புரியாமல் போனாலும் குரலில் இருக்கும் கடுப்பு அவருக்குப் புரியும். ஒரு தடவை அதட்டினால் அந்த நாள் முழுவதும் முகம் தொங்கிப்போகும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு, அதுதான் அதிகம் வலிக்கும். புதிய நினைவுகள் முதலில் போவதால் அவர் தன் இருபது வயதுக்குத் திரும்புவார். அந்த வயதில் அவருக்கு இருந்ததெல்லாம் பயம். "நீ ஏன் இங்க இருக்க? அப்பா வந்துடுவாரு, போ!" என்பார். அல்லது உங்களை யாரென்றே தெரியாமல் திருடன் என்பார். படத்தைக் காட்டி நிரூபிக்கப் போகாதீர்கள். வெளியே போய்ப் பத்து நிமிஷம் கழித்து, "அண்ணே, சாப்பாடு கொண்டாந்தேன்" என்று புது ஆள் போல உள்ளே வாருங்கள். உங்கள் மேல் அவருக்கு வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் காலத்தில் நின்று பேசுகிறார் என்று பாருங்கள்.

உடலுறவு பற்றி யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். உங்களை யாரென்று தெரியாத நாளிலும், என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரியாத நிலையிலும் வேண்டாம். அவர் உடம்பு விலகினால் நீங்களும் விலகுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பது, காலைப் பிடித்துவிடுவது, பக்கத்தில் படுப்பது இதெல்லாம் கடைசிவரை இருக்கலாம்.

ஆறாவது: உங்கள் உடம்பு

இளையவர் என்றாலும் உங்களுக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார்கள்? பிள்ளை இல்லாத வீட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே முடியாது. சமூக நல இலாகாவில் முதியோர் உதவித் தொகைக்கு விண்ணப்பியுங்கள், மாற்றுத்திறனாளி அட்டைக்கு அவர் தகுதி பெறுவாரா என்று மனநல மருத்துவரிடம் கேளுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அல்சைமர் நோய் அறவாரியம் 1997 முதல் பராமரிப்பாளர்களுக்கு வழிகாட்டி வருகிறது. தூரம்தான், ஆனால் போனில் பேசலாம். வாரத்தில் அரைநாள் அந்த உறவுக்காரப் பிள்ளையிடம் விட்டுவிட்டு வெளியே போங்கள். கோயிலுக்கோ, கடைக்கோ, சும்மா ரயில் நிலையத்தில் உட்காரவோ.

முதியோர் இல்லம் தேவைப்பட்டால் உரிமம் இருக்கிறதா என்பதோடு இதையும் கேளுங்கள்: உறவினர் அல்லாதவர் தினமும் வரலாமா? தயங்கிப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

ஏழாவது: கடைசிக் காலமும் அதன் பிறகும்

விழுங்க முடியாத நிலை வரும்போது சொந்தங்கள் "டியூப் போடுங்க டாக்டர்" என்பார்கள். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அவர் எழுதிவைத்த தாளை அப்போது எடுத்துக் காட்டுங்கள்.

கொள்ளி யார் போடுவது என்ற பேச்சைச் சாவு வீட்டில் தொடங்கினால் நீங்கள் தோற்றுப்போவீர்கள். முன்பே அந்தப் பிள்ளையோடும் பண்டாரத்தோடும் பேசி வையுங்கள். அண்ணன் மகன் கொள்ளி போடட்டும், வாய்க்கரிசி முதலில் நீங்கள் போடுங்கள், கருமாதி உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும். தம்பி முறை என்று ஊர் ஏற்கனவே ஒத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை. தகனம் பற்றிய அவர் விருப்பத்தை உயிலுக்குள் மட்டும் எழுதினால் போதாது. உயிலைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். தனித் தாளில் எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

கருமாதி முடிந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். உயிலை நிறைவேற்றும் அனுமதி உயர்நீதிமன்றத்தில் வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கையோடு உங்கள் உயிலையும் உங்கள் இபிஎஃப் நாமினியையும் மாற்றி எழுதுங்கள், இரண்டிலும் அவர் பெயர்தான் இருக்கும். இதற்கு நடுவில் யாராவது வந்து வீட்டுச் சாவியைக் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, "பத்திரமெல்லாம் லாயர்கிட்ட இருக்கு, அவர்கிட்ட பேசுங்க" என்று நம்பரை எழுதிக் கொடுங்கள். சாவியைக் கொடுக்காதீர்கள்.